‘சரி’ என்று சொல்வதற்கு முன்

புதிதாக வெளிநாடு வந்து வேலையில் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்த புதிதில் நாம் எல்லோரும் உச்சரிப்பையும் இலக்கணத்தையும் நினைத்தே கவலைப்படுகிறோம். பதினோரு ஆண்டுகளாகப் பல நாட்டவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. இலக்கணப் பிழையை எவரும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. சொல்லாமலேயே புரிந்துவிடும் என்று நாம் விட்டுவிடுகிற இடத்தில்தான் உறவு கெடுகிறது.

சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்தது இது. என் மேலாளர் நெதர்லாந்துக்காரர். செவ்வாய்க்கிழமை காலையில் என் மேசைக்கு வந்து, ஓர் அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அதற்கு வேண்டிய கணக்குகள் வேறொரு பிரிவிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நானாகவே எண்ணிக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் அசைத்து, ‘எஸ், எஸ்’ என்றேன். என் மனத்தில் அதற்குப் பொருள் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, முயன்று பார்க்கிறேன்’ என்பது மட்டுமே. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் வந்து நின்றபோது என்னிடம் பாதி அறிக்கைதான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. “முடியாது என்று செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் வாடிக்கையாளரிடம் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருப்பேனே” என்றார். அவர் மனம் கோணக் கூடாது என்று நான் சொன்ன ‘எஸ்’தான், அவரை வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிய வைத்தது.

இதற்கு நம் மொழியில் முகதாட்சணியம் என்று பெயர் உண்டு. ‘முகம் கொடுத்துப் பேசு’, ‘முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாதே’ என்றெல்லாம் முகத்தை வைத்தே நாம் மரியாதையை அளக்கிறோம். பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பேச்சில் காப்பாற்றுகிறார்கள் என்று விளக்கியபோது, முதன்மையாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். மற்றவை ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும். முகம் காப்பது எல்லாச் சமூகத்திலும் உண்டு, காக்கும் வழிதான் மாறுகிறது என்பதை அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டேன். என் மேலாளரைப் பொறுத்தவரை, முடியாததை முன்கூட்டியே சொல்வதுதான் அவருக்கு நான் காட்டக்கூடிய மரியாதை.

நம்முடைய ‘பார்க்கலாம்’ என்ற சொல்லையும் இங்கே யோசித்துப் பாருங்கள். நமக்குள் அது பெரும்பாலும் மென்மையான மறுப்பு. ஜப்பானியர் ‘அது சற்றுக் கடினம்’ என்று சொல்லி மறுப்பதும் அதே வகைதான். அதனால் அவர்களோடு பழகுவது எனக்கு எளிதாக இருந்தது. ஆனால் அதே ‘பார்க்கலாம்’ என்பதை ஆங்கிலத்தில் ஒரு ஜெர்மானியரிடம் சொன்னால், அவர் நாம் உண்மையிலேயே பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம் என்று காத்திருக்கக்கூடும்.

எதிர்மறைக் கேள்விகளில் இன்னும் நுட்பமான குழப்பம் உண்டு. ‘அந்தக் கோப்பு உங்களுக்கு வரவில்லையா?’ என்று கேட்டால், ‘ஆமாம், வரவில்லை’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். கேட்டவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்கிறோம். ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் இதே முறைதான். ஆங்கிலத்தில் வெறும் ‘எஸ்’ என்று நிறுத்திக்கொண்டால் கோப்பு வந்துவிட்டது என்று பொருளாகலாம். பிரெஞ்சில் ‘சி’ என்றும் ஜெர்மனில் ‘டோக்’ என்றும், இப்படிப்பட்ட கேள்வியை மறுத்து ‘வந்துவிட்டது’ என்று சொல்வதற்கென்றே தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒற்றைச் சொல்லில் பதில் தராமல், ‘எனக்குக் கோப்பு வரவில்லை’ என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். தலையசைப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுவே. பல்கேரியாவில் தலையை இடவலமாக ஆட்டுவது ஆமோதிப்பு.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தங்களை அறியாமலேயே முரடர்கள் என்று பெயர் வாங்குவது இதனால்தான். தமிழில் மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அந்தத் தாளைக் கொடுங்கள்’ என்னும்போது ‘உங்கள்’ என்ற அந்த விகுதியே பணிவு முழுவதையும் சுமக்கிறது. தனியாகத் ‘தயவுசெய்து’ என்று சேர்த்தால் பேச்சு அறிவிப்புப் பலகை போல ஒலிக்கும். அந்த வாக்கியத்தை நாம் மனத்துக்குள் மொழிபெயர்த்து ‘கிவ் மீ தட் பேப்பர்’ என்று சொல்கிறபோது விகுதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கேட்பவர் காதில் விழுவது வெறும் ‘கொடு’. நமக்கோ மரியாதையாகப் பேசிய நிறைவு இருக்கும். அவர் முகம் ஏன் சுருங்கியது என்றே நமக்குப் புரியாது. ஆகவே ஆங்கிலத்தில் கேட்கும்போது ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’, ‘ப்ளீஸ்’ ஆகியவற்றை அந்த உதிர்ந்த விகுதிக்கு ஈடாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்வதும் அப்படியே. நெருங்கியவரிடம் நன்றி சொன்னால் அந்நியப்படுத்துவது போல நமக்கு இருக்கும், இங்கே சொல்லாமல் விட்டால்தான் அந்நியமாகத் தெரியும்.

பேச்சுக்கு நடுவில் வரும் மௌனத்தையும் நாம் தவறாகப் படிக்கிறோம். 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பத்து மொழிகளில், ஆம், இல்லை என்று பதில் வேண்டும் கேள்விகளுக்கும் அவற்றின் பதில்களுக்கும் இடையிலான நேரத்தை அளந்தார்கள். ஜப்பானிய மொழியில் அது சராசரியாக 7 மில்லி விநாடி. டேனிஷ் மொழியில் ஏறக்குறைய 470. அரை விநாடிக்கும் குறைவான வேறுபாடுதான், ஆனால் ஒருவர் யோசிக்கிறாரா, தயங்குகிறாரா, நம்மை விரும்பவில்லையா என்று நம் மனம் முடிவு கட்டுவதற்கு அதுவே போதும். பதில் உடனே வராவிட்டால் நாம் அவசரப்பட்டு அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். அமைதியாக இருக்கும் சக ஊழியர் பலர் அந்த இடைவெளியில்தான் வாய் திறக்கிறார்கள்.

நேர்மாறாக, டச்சுக்காரரோ ஜெர்மானியரோ ‘இந்தப் பகுதி சரியில்லை’ என்று பலர் முன்னால் சொன்னால் நொந்துபோகாதீர்கள். பெரும்பாலும் அது அந்தப் பகுதியைப் பற்றிய பேச்சுதான், உங்களைப் பற்றியது அன்று. பிரிட்டிஷ்காரர் ஒருவர் ‘இதை இன்னொரு முறை பார்க்கலாமோ’ என்று மெதுவாகச் சொன்னால்தான் உடனே உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். ஆனால் நாட்டின் பெயரை வைத்து ஆளை அளந்துவிடவும் கூடாது. நான் பழகியவர்களில் மிகவும் சுற்றி வளைத்துப் பேசியவர் ஒரு ஜெர்மானியர்தான்.

நேரமும் தேதியும் வந்தால் ஒரு முறைக்கு இரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரிட்டனில் பேச்சுவழக்கில் ‘ஹாஃப் ஃபோர்’ என்றால் நாலரை; ஜெர்மனில் ‘ஹால்ப் ஃபியர்’ என்றால் மூன்றரை. 04/05 என்பது அமெரிக்கருக்கு ஏப்ரல் 5, பிரிட்டிஷாருக்கு மே 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் தொல்லையே இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெயரில் தலைப்பெழுத்தாக இருக்கும் தந்தையின் பெயர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக மாறி, அலுவலகத்தில் எல்லோரும் நம்மை அப்பாவின் பெயர் சொல்லி அழைக்கும் நிலை வந்துவிடுகிறது. கூச்சத்தில் பலர் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ‘எங்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இது என் தந்தையின் பெயர், என்னை இப்படி அழையுங்கள்’ என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு இன்றும் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். எனவே நாம் ஒன்றும் விசித்திரமானவர்கள் அல்லர். அதேபோல மற்றவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுப் பழகுங்கள். கேட்பதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. சம்பளம், திருமணம், குழந்தை பற்றிய கேள்விகளை மட்டும் அவர்களே பேச்செடுக்கும்வரை தள்ளிவையுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாரிடம் எதைப் பேசி முடித்தாலும், பத்து நிமிடத்துக்குள் மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன்: நான் புரிந்துகொண்டது இது, நான் செய்யப்போவது இது, என்னைத் தடுக்கக்கூடியது இது. மூன்றாவது வரியை எழுதத்தான் முதலில் கை வரவில்லை. குறை சொல்வது போல இருந்தது. இரண்டாம் முறை அனுப்பியபோது என் மேலாளர் அந்த மூன்றாவது வரியை மட்டும் மேற்கோள் காட்டி, கணக்குப் பிரிவுக்குத் தாமே எழுதினார். கணக்குகள் அன்று மதியமே வந்துவிட்டன.