அப்பா போட்ட மக்காச்சோளம்தான் என் வண்டி டேங்குலயா?

சங்கரன்கோவில்காரன்: அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். 2013 மாடல் 100 சிசி பைக், கார்ப்ரேட்டர் வண்டி. லிட்டருக்கு 60 குடுத்தது இப்போ 54 தாண்ட மாட்டேங்கு. காலைல சோக்கு போட்டு நாலஞ்சு உதை உதைக்கணும். பங்க்ல கேட்டா "எங்க போனாலும் 20 சதவீதம் எத்தனால், அதாவது எரிசாராயம், கலந்த பெட்ரோல்தான் தம்பி"ங்காங்க. எங்கப்பா மூணு ஏக்கர் கரிசல்ல மானாவாரியா மக்காச்சோளம் போடுதாவ. ராத்திரி டார்ச்லைட்டோட பன்னிக்குக் காவல் வேற. அதுலயும் எத்தனால் எடுக்காங்களாமே? வண்டிய மாத்தணுமா?

பாளை பட்டறை: மாத்த வேண்டாம் தம்பி. எத்தனால் எரிஞ்சா வர்ற சூடு பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. 20 சதவீதம் கலந்தா 60-ல நாலு குறையலாம், மிச்ச ரெண்டு உங்க ஏர்பில்டர் அழுக்கு. எனக்குச் சந்தேகம் தண்ணி மேல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினா ரெண்டும் சேர்ந்து பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு அடியில தங்கிரும். டேங்கு அடிப் பெட்ரோலை வாட்டர் பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் அசையாம வச்சுப் பாருங்க. பழைய ஓஸ், ஓரிங் எல்லாத்தையும் மாத்திருங்க, அந்த ரப்பர் எத்தனாலுக்கு ஊதிரும்.

கயத்தாறு விவசாயி: வண்டிக்காரங்க திட்டுதது சரிதாம். ஆனா முன்னால கோழித்தீவன யாவாரி சொன்னதுதான் விலை. 2018-ல படைப்புழு வந்து குருத்தைத் தின்னப்போ எவன் கேட்டான்? இப்போ வாங்க எத்தனால் ஆலைக்காரன்னு இன்னொரு ஆள் இருக்காம்லா. 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2400. களத்துல அது கிடைக்குதாங்கது வேற கதை.

கோழிப்பண்ணை அக்கா: அந்த இன்னொரு ஆளாலதான் எங்களுக்குத் தீவனச் செலவு ஏறுது. ஒரு டன் மக்காச்சோளத்துக்கு 380 லிட்டர் எத்தனால். உங்க ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்க 200 மில்லியும் மக்காச்சோளத்துல வந்ததுன்னா அரைக்கிலோவுக்கு மேல போச்சு. எங்க முட்டைக்கோழி ஒரு நாளைக்குத் தின்கது மொத்தமே 110 கிராம். ஏத்துமதி பண்ணுன நாடு 2024-ல மக்காச்சோளம் இறக்குமதி பண்ணிச்சு. அமெரிக்காவுல விளையதுல மூணுல ஒரு பங்குக்கு மேல இதுக்குத்தான் போகுது, அவங்ககிட்ட நிலம் கிடக்கு. வடிச்ச சக்கை தீவனமா திரும்பி வருதும்பாங்க. வருது, பூஞ்சை நச்சு பாக்காம கோழிக்கு வைக்க முடியாது.

சங்கரன்கோவில்காரன்: பட்டறை அண்ணாச்சி, பாட்டில் அடியில ஒரு விரல்கடை தனியா நிக்கி. டேங்கு மூடி ரப்பர் வெடிச்சு, ஐப்பசி மழை பூரா உள்ள இறங்கிருக்கு. ஓஸும் மூடியும் மாத்தியாச்சு, இப்போ ரெண்டாவது உதைக்கே கிளம்புது. பாட்டிலை அப்பாகிட்ட காட்டினேன். மோந்து பாத்தாவ. "இதுக்காலே பன்னிக்குக் காவல் கிடந்தேன்?"னுட்டுப் போயிட்டாவ.