பதினைந்து வயது மகளுக்கு ஆங்கிலச் சொல்வளம்: பட்டியலா, வேர்ச்சொல்லா, வாசிப்பா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மழைத்துளி:

மகள் மூன்று வருடமாக வீட்டில்தான் படிக்கிறாள். ஆங்கிலச் சொல்வளத்துக்கு நான் பிடித்த வழி எங்கே சறுக்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்து எந்த வழி என்று இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

பயிற்சி நூல் ஒன்று வாங்கினோம். வாரம் இருபது சொல். திங்கள் பட்டியல், புதன் கோடிட்ட இடம், வெள்ளி தேர்வு. எட்டு மாதம் விடாமல் செய்தாள். வெள்ளிக்கிழமை மதிப்பெண் பதினெட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஒருநாள் சின்ன வயதுத் தோழியைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முதல் வரியே ‘மை அப்சொலீட் ஃப்ரெண்ட்’. நோட்டைப் புரட்டினால், அப்சொலீட் என்ற சொல்லுக்கு நேரே ‘பழைய’ என்று இருக்கிறது. என் கையெழுத்து. பழைய தோழி, அதனால் அப்சொலீட். அவள் மேல் என்ன தப்பு? ‘வழக்கொழிந்த’ என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் எந்தத் தோழியையும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்று மாலையே பழைய பட்டியல்களிலிருந்து முப்பது சொல் கேட்டுப் பார்த்தேன். பதினொன்றுக்குத்தான் பொருள் வந்தது. அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க முடியவில்லை.

படிக்கட்டு:

அக்கா, பாப்பாவிடம் முதலில் சொல்லுங்கள், இது அவள் குறை இல்லை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் நூலாக எழுதினார். மறதியில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, பிறகு வேகம் குறைகிறது. வெள்ளிக்கிழமை தேர்வோடு பட்டியலை மூடிவிட்டால் சொல் போய்விடும்.

என் மகனுக்கு லைட்னர் பெட்டிதான் கைகொடுத்தது. 1972-இல் வந்த முறை. ஒரு காலி அட்டைப்பெட்டியில் ஐந்து அறை தடுத்தோம். முதல் அறை அட்டைகளை தினமும் பார்ப்பான். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் தள்ளித்தான் பார்ப்பான். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்ப வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அது முக்கியம். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும். நினைவிலிருந்து இழுத்தால்தான் ஒட்டும்.

இதே வேலையைச் செய்யும் ஆங்கி செயலியையும் முயன்றோம். உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று பத்து நாள் விட்டுவிட்டு வந்து திறந்தால் முந்நூற்றுச் சொச்சம் அட்டை காத்திருந்தது. பையன் அத்தோடு விட்டுவிட்டான். செயலி நல்லதுதான், நாளைக்குப் பத்துப் புதிய சொல் என்று நாங்கள் வைத்ததுதான் பேராசை. இப்போது நான்கு.

ஏட்டுச்சுவடி:

என் மகனுக்குக் கதை வாசிப்பே பிடிக்காது. அறிவியல் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அதனால் வேர்ச்சொல் வழி. ஃபோட்டோ என்றால் ஒளி, சின் என்றால் சேர்த்து, தீசிஸ் என்றால் வைப்பது. ஃபோட்டோசிந்தசிஸ் அவனுக்கு அன்றோடு மனப்பாடச் சொல்லாக இல்லாமல் போனது. ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது என்று சொன்னேன். இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ரெட்ரோஸ்பெக்ட் என்று அவனே கோத்துக்கொண்டு போனான்.

வேரை மட்டும் நம்பினால் வழுக்கும். பெட் என்றால் கால், பெடஸ்ட்ரியன் நடந்து போகிறவர் என்று கற்றவன், பீடியாட்ரிஷன் கால் வைத்தியர் என்று அடித்துச் சொன்னான். முன்னது லத்தீன், பின்னதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்று பிறகு இருவரும் தேடித் தெரிந்துகொண்டோம். வேரை வைத்து ஊகிக்கலாம், ஊகத்தை அந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

தனிவழி:

நான் பெற்றோர் இல்லை, பள்ளி வயது முழுக்க வீட்டில் படித்து இப்போது கல்லூரி முடித்தவன். எனக்குப் பட்டியலே கிடையாது, வாசிப்பு மட்டும்தான். ஒரு காலத்தில் அப்பா தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்க்கச் சொன்னார். பக்கத்துக்கு எட்டு முறை எழுந்தால் கதை எங்கே நிற்கும்? பால் நேஷன் என்ற மொழியியலாளர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. துணையில்லாமல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பதுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். அதற்கு மேல் புதுச்சொல் வந்தால் புத்தகத்தை மாற்றுங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். நான் அத்தியாயத்துக்கு மூன்று சொல் மட்டும் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, முடித்த பிறகு பார்ப்பேன்.

வாசிப்பில் ஒரு பள்ளமும் இருக்கிறது. கண்ணால் மட்டும் கற்ற சொல் வாயில் தப்பாக வரும். ‘எபிடமி’யைப் பதினெட்டு வயது வரை ‘எபிடோம்’ என்றே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் முதல் முறை சத்தமாகச் சொன்னபோதுதான் தெரிந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லைப் பேசிக் கேட்க வகுப்பு கிடையாது. இணைய அகராதியின் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். ஒலிநூலும் உதவும்.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பயிற்சி நூலை நிறுத்திவிட்டோம். சொற்களை அவளே தான் படிக்கும் நாவலிலிருந்தும் வரலாற்றுப் பாடத்திலிருந்தும் எடுக்கிறாள், நாளைக்கு மூன்று. அட்டையின் முன்பக்கம் அந்தச் சொல் வந்த வாக்கியம் அப்படியே. பின்பக்கம் தமிழில் பொருள், அதன் கீழே அவள் சொந்த வாக்கியம். தமிழ்ச் சொல் தேடுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது, எங்கள் இருவருக்கும் அதுதான் பிடித்தும் இருக்கிறது. ரெலக்டன்ட் என்ற சொல்லுக்கு ‘விருப்பமில்லாத’ என்று எழுதப் போனவள் நிறுத்தி, ‘அரைமனதோடு’ என்று எழுதினாள். நான் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

கல்லூரிப் பாடநூலுக்குத் தயாராக ஒரு பட்டியலை மட்டும் ஓரமாக வைத்திருக்கிறேன். ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விசார் சொற்பட்டியல், 570 சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்தால் ஒரு குடும்பம்). அதை மனப்பாடத்துக்குக் கொடுக்கவில்லை. அவள் எடுத்த சொல் அதில் இருந்தால் அட்டையில் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். இதுவரை பதினான்கு.

படிக்கட்டு தம்பி, ஐந்தாவது அறைக்குப் போன அட்டையை என்ன செய்கிறீர்கள்?

படிக்கட்டு:

மாதம் ஒருமுறை பார்ப்போம் அக்கா. அதிலும் சரியாகச் சொன்னால் அட்டையை எடுத்துவிட்டு, அந்த வாரக் கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதச் சொல்வேன். எழுத வரவில்லை என்றால் மறுபடி முதல் அறை. போன மாதம் ஆறு அட்டை அப்படித் திரும்பி வந்தது.