அம்மாவுக்கு ஏன் பார் வைத்த சைக்கிள்தான் வேண்டும்?

கீரனூர்ப்பெண்:

அம்மாவுக்கு 57 வயது. முழங்காலுக்கு நல்லது, சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொன்னதால் போன ஞாயிறு திருச்சியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் நாலைந்து காட்டினார்கள். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் தூசியோடு நின்ற 22 இஞ்ச் கறுப்பு ஜென்ட்ஸ் சைக்கிளின் பாரைத் தட்டிப் பார்த்துவிட்டு “இதை எடு” என்கிறார். புடவையோடு எப்படிம்மா ஏறுவாய் என்றால், “தொண்ணூத்தி ரெண்டுல எப்படி ஏறுனேனோ அப்படி.” அதோடு பேச்சு முடிந்தது.

அறிவொளியில், அதாவது பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இயக்கத்தில், ஓட்டக் கற்றுக்கொண்டார் என்பது தெரியும். அதற்கு மேல் கேட்டால் “அது ஒரு காலம்” என்று எழுந்து போய்விடுவார். புதுக்கோட்டைப் பக்கம் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இது வெறும் பிடிவாதமா, வேறு ஏதாவது காரணம் உண்டா?

சக்கரம்_ராஜா:

சைக்கிள் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 57 வயதில் பார் வண்டி வேண்டாம். இறங்கும்போதுதான் விழுவார்கள். பேசிப் பார்த்து லேடீஸ் வண்டியே எடுங்கள்.

அறந்தாங்கி அக்கா:

ராஜா தம்பி, வண்டியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த அம்மாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும்.

1991இல் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்தேன். கலைக்குழு ஊர் மந்தையில் நாடகம் போட்டு முடித்ததும் “யார் யார் தொண்டராக வர்றீங்க” என்று கேட்டார்கள். கையைத் தூக்கிவிட்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சம்பளம் ஒரு பைசா கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு திண்ணை, ஒரு அரிக்கேன் விளக்கு, பத்துப் பேர். பகலெல்லாம் சம்மட்டி பிடித்த கை பலப்பத்தைப் பிடித்தால் என்ன ஆகும் தெரியுமா? பட்டென்று உடையும். என் வகுப்பில் ஒரு அக்கா முதல் நாள் ராத்திரி மட்டும் மூன்று பலப்பம் உடைத்தார். அழுத்தாதீங்க அக்கா என்றால் “அழுத்தலேன்னா எனக்கு எழுதுன மாதிரியே இல்ல தாயி” என்பார். அவர் பெயரின் முதல் எழுத்து வருவதற்கே ஒரு வாரம் ஆனது.

சைக்கிள் எங்கே வந்தது என்றால், இங்கேதான். தொண்டர்களில் பாதிக்கு மேல் எங்களை மாதிரிப் பெண்கள்தான் என்பது என் நினைப்பு. புத்தகம் வாங்க ஒன்றிய அலுவலகம் போகணும், பக்கத்து ஊர் வகுப்பைப் பார்க்கணும், ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பணும். பஸ்ஸை நம்பினால் நடக்காது. அண்ணன் தம்பியைக் கெஞ்சினால் ஒரு நாள் வருவான், மறுநாள் வரமாட்டான். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா இதைப் பிடித்துக்கொண்டார். எழுத்தோடு சைக்கிளும் பாடம் என்றாகிவிட்டது. பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கச் சொல்லி பாங்குகளையும் நெருக்கினார்.

ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளக் கிளம்பினால் அத்தனை லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? கடைகளில் கிடைக்கவே இல்லை. மணிக்கு ஒரு ரூபாய் வாடகை வண்டி, அதுவும் பார் வண்டிதான். கண்மாய்க் கரையில் விடியற்காலையில் ஆரம்பிப்போம். முதலில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். பின்னால் ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். அவள் எப்போது கையை விட்டாள் என்று தெரியாமல் பத்து கஜம் போய்விட்டு, தெரிந்த நிமிஷம் விழுவோம். என் இடது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கமாகக் காலைச் சுழற்றிப் போட்டு ஏறுவது. அது வந்துவிட்டால் லேடீஸ் வண்டி பொம்மை மாதிரித் தெரியும், நிஜமாகவே.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பாரில்தான் இருக்கிறது. அதில் ஒரு சின்ன சீட் மாட்டலாம், பிள்ளையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் குடம், காய்கறி மூட்டை. பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியே இல்லை. அதனால் பிறகு லேடீஸ் வண்டி கிடைத்தபோதும் நிறையப் பேர் பார் வண்டியை விடவில்லை. 1992இல் உங்களுக்கு என்ன வயது? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

குவாரிக்காரர்_மகன்:

அக்கா சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் பாதிதான் சொல்கிறார்.

எங்கள் அம்மா அன்னவாசல் பக்கம் கல் உடைத்தவர். அறிவொளியில் மூன்று புத்தகமும் முடித்தார். இன்றைக்கு அவரால் கையெழுத்து போட முடியும், பஸ் போர்டு படிக்க முடியும், அவ்வளவுதான். பேப்பர் கொடுத்தால் தலைப்போடு நிறுத்திக்கொள்வார். 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு படிக்க அவர் கையில் என்ன கொடுத்தோம்? வீட்டில் காலண்டர் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று, கணக்கு மறக்கவில்லை. அதுவரை குவாரியைக் காண்ட்ராக்டர் எடுப்பார். அவரிடம் வாங்கிய முன்பணத்துக்கு எங்கள் குடும்பமே வேலை செய்யும். எத்தனை லோடு போனது, எவ்வளவு கழிந்தது என்பது அவர் நோட்டில்தான் இருக்கும். அந்த வருடங்களில் கல் உடைக்கிற பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் அரசே அவர்களுக்குக் குவாரியைக் குத்தகைக்கு விட்டது. எங்கள் அம்மா குழுவில் லோடு எண்ணுகிற வேலை அவருக்கு. லாரி போனதும் ஒரு கோடு, அஞ்சாவது கோடு குறுக்கே. பழைய காண்ட்ராக்டரின் ஆள் வந்து நின்று “என்ன டீச்சரம்மா, எண்ணி முடிச்சாச்சா?” என்று கேலி செய்ததை இன்றும் சொல்வார். “அவன் ஏமாத்துன லோடையும் சேத்து எண்ணிக்கிட்டு இருந்தேன்டா” என்பார்.

எங்கள் குழு ரொம்ப நாள் நிற்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். சைக்கிளில் சுற்றியது மட்டும் அழகாக நினைவில் நிற்கிறது.

அறந்தாங்கி அக்கா:

தம்பி, ஒத்துக்கொள்கிறேன். என் பத்துப் பேரில் ஆறு பேருக்கு எழுத்து ஓடிப்போய்விட்டது. தொடர் வகுப்பு நடத்த வந்தவர்கள் குறைந்தார்கள், நானும் கல்யாணமாகிப் போய்விட்டேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. சைக்கிள் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை, அது உடம்பில் போய் உட்கார்ந்துகொள்கிற வித்தை.

1992 மகளிர் தினத்தையொட்டி டவுனில் ஊர்வலம் விட்டோம், 1500 பேருக்கு மேல். ஹேண்டில்பாரில் கொடி, ஓயாமல் மணி. கடைக்காரர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். கீழ ராஜ வீதியில் என் செயின் கழன்றுவிட்டது. புதுப் புடவையோடு குந்தி மாட்டுகிறேன், ஒரு பெரியவர் “நான் மாட்டித் தரவா பாப்பா” என்று வந்தார். வேண்டாம் தாத்தா என்றேன். கிரீஸ் கறை அந்தப் புடவையை விட்டுப் போகவே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர், இருபது வருடத்துக்கு முன்பு அவர் பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் போய்ப் படித்த ஊர் என்று மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது இல்லை, எண்பது வருடத்துக்கும் மேலே! பேசினவருக்கு வகுப்பு எடுக்கணும் போல இருந்தது.

கீரனூர்ப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பலப்பம் உடைந்த இடத்தில் சிரித்தார். பாரில் சீட் மாட்டுகிற இடம் வந்ததும் எழுந்து பரணில் தேட ஆரம்பித்துவிட்டார். ரெக்சின் கிழிந்த ஒரு குட்டி சீட், கிளாம்ப் துருப்பிடித்து, அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். 1992இல் எனக்கு இரண்டு வயது. “நீ தூங்கிடுவ. ஒரு கையில உன் தலையப் பிடிச்சுக்குவேன், ஒரு கையில ஹேண்டில்பாரு” என்றார்.

ராஜா அண்ணா, 22 இஞ்சையே எடுக்கப் போகிறோம். அந்தப் பழைய கிளாம்ப் இந்தக் காலத்து பாருக்குப் பொருந்துமா? தம்பி மகனுக்கு மூன்று வயது. அம்மா ஏற்கெனவே அவனிடம் சொல்லிவிட்டார்.