நிலைப்படியா, வாசற்பட்டையா: கதவடி உலோகத் துண்டுக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினர்க்கு, வணக்கம்.

கதவுக்கு அடியில் தரையோடு பொருத்தும் அலுமினியத் துண்டுக்குத் தமிழ்ப் பெயர் தேவைப்படுகிறது. பால்கனிக் கதவுகளுக்கும் மழை படும் தலைவாசல்களுக்கும் போடுவது. இப்போது இது இரண்டு துண்டாக வருகிறது. கீழ்த்துண்டைத் தரையில் திருகி மட்டம் பார்த்துக்கொண்டு, மேல்துண்டை அதன் மேல் அழுத்திக் கவ்வவிட வேண்டும். பழைய ஒற்றைத் துண்டில் மட்டம் தவறினால் எல்லாத் திருகையும் கழற்ற வேண்டியிருக்கும். திருகுத் தலைகள் வெளியே தெரியும். அவற்றின் வழியே தண்ணீரும் இறங்கும். பொருத்துகிறவரின் கையை இலேசாக்கவே இரண்டாகப் பிரித்தார்கள்.

இதற்கான பொருத்து கையேட்டைத் தமிழில் எழுதும்போது முதல் வரியிலேயே நின்றுவிட்டது. கடையில் 'சில்' என்கிறார்கள், பெட்டியின் மேல் 'த்ரெஷோல்டு' என்று இருக்கிறது. நான் முன்வைப்பது: நிலைப்படி. அகராதியில் இருக்கும் சொல், பொருளும் பொருந்துகிறது, புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

கூடவே நான்கு உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும்: கீழ்த்துண்டு, மேல்துண்டு, மட்டம் சரிசெய்ய அடியில் வைக்கும் மெல்லிய வில்லை, உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறும் துளை. துளைக்குக் 'கசிவுத் துளை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

---

> நான் முன்வைப்பது: நிலைப்படி.

ஐயா, வணக்கம். நல்ல சொல்தான், ஆனால் இந்தப் பொருளுக்கு வேண்டாம். காரணம் மொழியில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது.

நிலை என்றால் மரச்சட்டம் முழுவதும். இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக்கட்டை, கீழே ஒரு குறுக்குக்கட்டை. அந்தக் கீழ்க்கட்டையைத்தான் தச்சர் நிலைப்படி என்பார். உள்ளறைக் கதவுக்கு அது இருக்காது, தலைவாசலுக்கு இருக்கும். வாசக்காலைச் சுவர் எழும்பும்போதே நிறுத்தி, கலவை போட்டுக் கட்டிவிடுவார்கள். கையேட்டில் 'நிலைப்படியைப் பொருத்தவும்' என்று படித்த கொத்தனார் என்ன செய்வார்? நிலையோடு சேர்ந்த உறுப்பு என்று எடுத்துக்கொண்டு, தரைக்கல் ஒட்டும் முன்பே கலவையில் புதைத்துவிடுவார். அவருக்குத் தெரிந்த நிலைப்படி அப்படித்தான் வைக்கப்படுவது, அவர் மேல் தவறில்லை.

ஈரக் கலவையின் காரத்தன்மை pH அளவில் 12க்கு மேல். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். இந்தக் காரத்தில் அது கரைந்துவிடும். அதன் பிறகு உலோகமே அரிபடத் தொடங்கி ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும். ஏஏசி எனப்படும் இலேசான கான்கிரீட் கற்கள் உப்புவதும் இதே வினையால்தான். அங்கே அலுமினியத் தூளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். இங்கே அந்தக் குமிழ்கள் துண்டுக்கு அடியிலிருக்கும் கலவையைப் பொள்ளலாக்கிவிடும், மிதித்தால் 'டொக்' என்று ஒலிக்கும். மேற்பரப்பில் வெள்ளைத் திட்டு விழும், தேய்த்தால் போகாது.

தரைக்கல் ஒட்டி முடித்ததும் இன்னொரு ஆபத்து உண்டு: ஆசிட் கழுவல். கல்லில் ஒட்டிய சிமெண்டுக் கறையை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவார்கள். அதற்கு முன் அலுமினியம் வைத்திருந்தால் பூச்சு ஒரே நாளில் போய்விடும். 304 வகை எவர்சில்வரிலும் குளோரைடு பட்டுப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும்.

ஆக இது தரைக்கல், ஆசிட் கழுவல் இரண்டும் முடிந்து, கதவின் அடியை இழைப்பதற்கு முன் வர வேண்டிய துண்டு. பெயரில் 'நிலை' இருந்தால் வரிசை மாறும்.

வாசற்படியும் சரிவராது. வாசலில் ஏறுகிற கல்படிதான் வாசற்படி. 'பட்டி' என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால் பெயிண்டருக்குப் பட்டி என்றால் சுவரில் பூசும் மாவு. நான் சொல்வது: வாசற்பட்டை. இரும்புப் பட்டை என்று தட்டையான கம்பியைச் சொல்லிப் பழகிவிட்டோம். தட்டையானது, நீளமானது, பின்னால் வந்து ஒட்டுவது என்று மூன்றையும் அந்தச் சொல் காட்டிவிடும்.

---

வணக்கம். வாசற்பட்டைக்கு என் ஆதரவு. யாழ்ப்பாணத்திலும் கதவு நிலை, யன்னல் நிலை என்றுதான் வழக்கு; அங்கேயும் நிலைப்படி என்றால் மரம்தான் நினைவுக்கு வரும்.

புணர்ச்சியைப் பார்த்துவிடுவோம். வாசல் + பட்டை = வாசற்பட்டை. வாசல் + கால் = வாசற்கால், பேச்சில் வாசக்கால். அதே வழியில் இதுவும் பேச்சில் வாசப்பட்டை ஆகும். ஆகட்டும், அது சொல் நிலைத்ததற்கு அடையாளம். எழுத்தில் வாசற்பட்டை என்றே வைப்போம்.

கீழ்த்துண்டுக்கு அடிப்பட்டை. மேல்துண்டுக்கு 'மிதிபட்டை' என்று வைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். மிதிவண்டி போல வினைத்தொகை, ஒற்று மிகாது. ஆனால் எழுதிப் பார்த்தால் 'மிதிபட்ட' என்று கண் படிக்கிறது. ஒற்றுப் போட்டு எழுதினால் இலக்கணம் தவறுகிறது. விட்டுவிடலாம். மேற்பட்டை போதும், அடிப்பட்டை, மேற்பட்டை என்று இணையாக நிற்கும், தொலைபேசியில் சொன்னாலும் குழப்பம் வராது.

> கசிவுத் துளை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இதை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். கசிவு என்பது குறை. கூரை கசிகிறது, குழாய் கசிகிறது என்போம். அடைக்கத்தான் கை போகும். வீட்டுக்காரர் 'இங்கே கசிவுத் துளை இருக்கிறதாமே' என்று சிலிக்கானை எடுத்துவந்து அடைத்துவிடுவார், தண்ணீர் அறைக்குள் திரும்பும். வடிதுளை என்று வையுங்கள். சோறு வடிக்கிறோம், வெள்ளம் வடிகிறது. வடிவது நல்லது என்று எல்லோருக்கும் தெரியும்.

---

அலுமினியப் பட்டைகளை வடிவமைக்கும் பக்கத்திலிருந்து.

வடிதுளை மிகச் சரி. கூடவே ஒன்று: துளை வட்டமாக இருக்கக் கூடாது. 4 அல்லது 5 மி.மீ. வட்டத் துளையில் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் திரையாக நின்றுவிடும், வடியாது. 5 மி.மீ. அகலம், 25 மி.மீ. நீளம் என்று நீட்டித் திறக்க வேண்டும். ஒரு மீட்டர் வாசலுக்கு மூன்று. ஆகையால் படத்தில் 'நீள் வடிதுளை' என்று குறித்தால் பட்டறையில் துரப்பணம் எடுக்க மாட்டார்கள்.

அடிப்பட்டையில் திருகுக்கு இருப்பவையும் நீள்துளைகளே, ஆனால் அதற்குக் காரணம் வேறு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு 0.023 மி.மீ. நீளும். விடியற்காலைக்கும் நேர் வெயிலுக்கும் 40 பாகை வேறுபாடு என்று கொண்டால் ஒரு மீட்டரில் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் நடுவில் விம்மும். மேற்பட்டை கவ்வலை விட்டுவிடும். அதனால் நடுத்துளை மட்டும் வட்டம், மற்ற நான்கும் நீளவாட்டில் 6 × 20 மி.மீ. நடுவில் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் நகர விடுகிறோம். நடுத்துளைக்கு 'பிடிதுளை', மற்றவற்றுக்கு 'நகர்துளை' என்று பெயர் தரக் கேட்கிறேன். வட்டம், நீளம் என்று வடிவத்தைச் சொன்னால் எதை முதலில் இறுக்க வேண்டும் என்பது மறந்துபோகும். பிடிதுளை என்றால் கை தானாக அங்கேதான் முதலில் போகும்.

இப்போது மிகப் பெரிய தவறு. பட்டையைத் திருப்பி வைத்துவிடுவது. வடிதுளைகள் அறைக்குள் பார்த்துக்கொண்டிருக்கும், தண்ணீர் ஓடும் வாட்டமும் உள்பக்கம். 'உள்', 'வெளி' என்று அச்சிட்டும் இது நடக்கிறது, ஏனென்றால் பால்கனியும் வீட்டுக்குள்தானே என்று நினைப்பவர் உண்டு. மாடி முற்றத்தில் எது உள், எது வெளி? அதனால் நான் கேட்பது: மழைப்புறம், அறைப்புறம். மழை எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. மேற்பட்டையைப் பிடிக்கும் கவ்விகளையும் ஒரே மாதிரி வைக்காமல், மழைப்புறக் கவ்வியை 6 மி.மீ., அறைப்புறக் கவ்வியை 4 மி.மீ. உயரமாக வைத்தால் மேற்பட்டை பக்கம் மாறி ஏறவே ஏறாது. அடிப்பட்டை திரும்பாமலிருக்க அச்சிட்ட சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

பட்டையின் உயரம் 12 மி.மீ.க்கு மேல் போகாமலிருப்பது நல்லது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளி அணுகல் தரத்தில் வாசலடித் தடுப்புக்கு உச்ச உயரம் 13 மி.மீ.; 6 மி.மீ.க்கு மேலுள்ள பகுதி சரிவாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, செங்குத்தான விளிம்பில் முட்டி நின்றுவிடும்.

---

சக்கையைப் பற்றி யாரும் பேசவில்லையே. மட்டத்துக்கு அடியில் வைக்கும் வில்லைக்குத் தச்சர் சொல்வது சக்கை. 'அந்த மூலையில ஒரு சக்கை வை' என்பது எல்லாத் தளத்திலும் கேட்கும் குரல். புதிய சொல் தேவையில்லை. ஆனால் தச்சர் சக்கை மரச்சீவல். இந்தப் பட்டைக்கு மரச்சீவல் கூடாது, ஈரத்தில் ஊதும், பிறகு மக்கும், பட்டை ஆடும். இங்கே வைப்பது பிளாஸ்டிக்கில் 1, 2, 3 மி.மீ. கனத்தில், குதிரைலாடம் போல ஒரு பக்கம் பிளந்தது. திருகைக் கழற்றாமல், கொஞ்சம் தளர்த்திப் பக்கவாட்டில் நுழைக்கலாம். இந்த வடிவம்தான் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. லாடச்சக்கை என்றால் கடையில் கேட்கும்போதே வேறு எதையும் எடுத்துத் தர மாட்டார்கள்.

இன்னொரு சொல்லும் வேண்டும். பட்டையின் வெட்டுமுனைகள் திறந்திருக்கும். உள்ளே ஓடும் தண்ணீர் வடிதுளையைத் தேடாமல் முனை வழியே பாய்ந்து நிலைக்காலின் அடியில் தேங்கும். மரநிலை அடிப்பக்கம் மக்குவது பெரும்பாலும் இதனால்தான். அதைத் தடுக்க இரு முனையிலும் ஒரு ரப்பர் துண்டு செருகுவார்கள். வயலில் தண்ணீரைக் கட்டுவது வரப்பு, இங்கேயும் அதே வேலை. முனைவரப்பு என்று வைத்தால் என்ன?

---

முனைவரப்பு அழகாக இருக்கிறது. 'அடைப்பு' என்று எழுதியிருந்தால் வடிதுளைக்குள் செருகினாலும் வியப்பில்லை.

டொராண்டோவிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. இங்கே பனிக்காலத்தில் உலோகப் பட்டை வெளிக்குளிரை அறைக்குள் கடத்தி, அறைப்புறத்தில் நீர் கோத்து உறைந்துவிடும். அதனால் பட்டையின் குறுக்கே பாலியமைடு என்ற பிளாஸ்டிக் துண்டு வைத்து உலோகத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இதற்கு 'வெப்ப முறிவு' என்று எழுதக் கண்டேன். வெப்பம் எங்கே முறிகிறது? குளிர்த்தடை என்றால் எங்கள் ஊர் பொருத்துநருக்குப் போதும். சென்னைக் கையேட்டில் இது தேவைப்படாது.

---

எல்லாருக்கும் நன்றி. நிலைப்படியைக் கைவிட்டேன். புதிய சொற்களை வைத்துக் கையேட்டுப் பகுதியை எழுதிப் பார்த்தேன்; எங்காவது நாக்கு இடறினால் சொல்லுங்கள்.

'தரைக்கல் வேலையும் ஆசிட் கழுவலும் முடிந்த பிறகே வாசற்பட்டையைப் பிரிக்கவும். மழைப்புறத் தரை அறைத் தரையைவிடக் குறைந்தது 15 மி.மீ. தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கவும்; இரண்டும் சமமாக இருந்தால் பட்டை மட்டும் மழையைத் தடுக்காது. நிலைக்கால்களுக்கு இடையே தரையை ஒட்டி அளந்து, அதில் 3 மி.மீ. குறைத்து இரு துண்டையும் வெட்டவும். மேலே அளக்க வேண்டாம், கால்கள் பல வீடுகளில் அடியில் ஒடுங்கியோ விரிந்தோ இருக்கும்.

அடிப்பட்டையை மழைப்புறம் என்ற எழுத்து மழை பார்த்திருக்க வைக்கவும். பிடிதுளையையும் நகர்துளைகளின் நடுவையும் குறித்து, பட்டையை எடுத்துவிட்டு 8 மி.மீ. துளை 55 மி.மீ. ஆழத்துக்கு இடவும். தூசியை ஊதி எடுத்த பிறகே நைலான் பிளக் செருகவும். தூசி இருந்தால் பிளக் முழுதும் இறங்காமல் தலை நீட்டும், பட்டை அதன் மேல் ஆடும்.

துளைகளுக்கு அறைப்புறமாகச் சிலிக்கான் கோடு ஒன்று இழுக்கவும். மழைப்புறத்தில் இழுக்க வேண்டாம். புளித்த வாடை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும், வாடையில்லாத வகையை வாங்கவும். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு சொட்டு விடவும். 5 × 50 மி.மீ. எவர்சில்வர் திருகுகளைப் பாதி இறுக்கவும். சாதா இரும்புத் திருகு அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அதை அரித்துவிடும்.

ரசமட்டம் வைத்துத் தரையின் உயர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும். அங்கே சக்கை கூடாது. மற்றத் திருகுகளின் அடியில் தேவையான லாடச்சக்கையை நுழைக்கவும். 5 மி.மீ.க்கு மேல் சக்கை கேட்டால் தரையைத்தான் சரிசெய்ய வேண்டும். பிடிதுளைத் திருகை முழுதும் இறுக்கி, நகர்துளைத் திருகுகளை இறுக்கியபின் கால் சுற்றுத் தளர்த்தவும்.

முனைவரப்புகளைச் செருகவும். மேற்பட்டையின் மழைப்புற உதட்டை முதலில் மாட்டி, அறைப்புறத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டிக் கவ்வவிடவும். நடுவில் தொடங்கினால் முனைகள் தூக்கிக்கொள்ளும். நிலைக்கால் ஓரத்து இடைவெளியில் சிலிக்கான் நிரப்பவும். கடைசியாக மேற்பட்டை மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றவும். மூன்று வடிதுளையிலும் தண்ணீர் வர வேண்டும்.'

---

> கால் சுற்றுத் தளர்த்தவும்

நகர்துளை என்று பெயர் வைத்துவிட்டோம், அதனால் ஏன் தளர்த்துகிறோம் என்று படிப்பவருக்கே விளங்கும். ஒரே ஒரு திருத்தம்: 'மழைப்புற உதடு' என்பதைப் படத்திலும் அதே எழுத்தில் போடுங்கள். கையேட்டில் ஒரு பெயரும் உலோகத்தில் வேறொரு பெயரும் இருக்கக் கூடாது. அச்சு வார்ப்பில் இடம் குறைவு என்று பட்டறையில் 'ம.பு.' என்று சுருக்கச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம், 'மழைப்புறம்' என்ற ஆறு எழுத்துக்கு அடிப்பட்டையில் தாராளமாக இடம் இருக்கிறது.