கலைச்சொல் தேவை: ஸ்பிரிங்டெயில், ஃபங்கஸ் நாட்

கீழக்கரையிலிருந்து:

வணக்கம். தொட்டிச்செடிக் கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும். தட்டுத் தண்ணீரில் துள்ளும் வெள்ளைப் பொடிப்பூச்சி, மண்ணைக் கிளறினால் எழும்பும் கறுப்புப் பொடி ஈ. இரண்டுக்கும் இங்கே 'மண்பூச்சி' என்ற ஒரே பேர்தான். கடையிலும் ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். முன்னதற்கு மருந்தே வேண்டாம். பின்னதற்கு இலைமேல் அடிக்கும் மருந்து எட்டாது, புழு மண்ணுக்குள் கிடக்கிறது. 'துள்ளுவால் பூச்சி', 'பூஞ்சைக் கொசு' என்று வைக்கலாமா?

மண்டபத்திலிருந்து:

> பூஞ்சைக் கொசு

வேண்டாம் ஐயா. கொசு என்றதும் டெங்கு பயம் வந்துவிடும், இது கடிக்காது. 'பூஞ்சை' என்றால் நம் பக்கத்தில் நோஞ்சான் என்றும் பொருள். பூசணம் எல்லாருக்கும் தெரிந்த சொல், ஆகவே 'பூசண ஈ'. 2 முதல் 3 மி.மீ., நீண்ட கால், நீண்ட உணர்கொம்பு, இறக்கையில் கவட்டை போல் பிரியும் நரம்பு. புழு கண்ணாடி போல வெளுத்திருக்கும், தலை மட்டும் பளபளக்கும் கறுப்பு. பூசணம்தான் முதல் தீனி; கூட்டம் பெருத்தால் நாற்றின் இளவேரையும் கடிக்கும்.

'துள்ளுவால்' பற்றி: வயிற்றுக்கடியில் மடங்கிக் கொக்கியில் மாட்டியிருக்கும் கவை (கவட்டை போல் பிரிந்த உறுப்பு) விடுபட்டுத் தரையை அறைவதால்தான் அது எகிறுகிறது. அதனால் 'கவைவாலி'. பின்னால் 'பூச்சி' ஒட்ட வேண்டாம். ஆறு கால் இருந்தாலும் வாயுறுப்பு தலைக்குள் ஒளிந்திருப்பதால் இன்றைய வகைப்பாட்டில் இதைப் பூச்சியினத்திலிருந்து பிரித்தே வைக்கிறார்கள்.

தொண்டியிலிருந்து:

ஆழ்மண்ணில் வாழும் சில வகைகளுக்குக் கவையே கிடையாது, துள்ளவும் துள்ளாது. துள்ளுவால், கவைவாலி என்ற இரண்டு பெயருமே அங்கே தோற்றுப்போகும். 1870இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் லப்பக் இந்தக் கூட்டத்துக்குக் கொலெம்போலா என்று பேர் வைத்தபோது வாலைப் பார்க்கவில்லை, வயிற்றிலுள்ள ஒட்டுக்குழாயைத்தான் பார்த்தார். அதற்காக 'வயிற்றுக்குழாயி' என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். கவைவாலியே இருக்கட்டும்.

பேரை விட அடையாளம் காணும் வழிதான் கையேட்டில் முந்தி வர வேண்டும். ஒரு கரண்டி மேல்மண்ணைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்து துள்ளினால் கவைவாலி. துள்ளாமல் மெல்ல ஊர்ந்தால், எட்டுக் கால் இருந்தால் மண்சிலந்திப்பேன். பெரும்பாலும் கெடுதல் இல்லை. தொட்டியின் உள்சுவரிலும் வேரிலும் பஞ்சு போல் வெள்ளை ஒட்டி, எறும்பும் வந்தால் வேர் மாவுப்பூச்சி. அது தனி வைத்தியம், செடியைப் பிடுங்கி வேரைக் கழுவ வேண்டும். பூசண ஈப் புழுவுக்கு 1 செ.மீ. கனத்தில் உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்ணில் அழுத்தி, மூன்றாம் நாள் புரட்டிப் பார்த்தால் அடியில் கூடியிருக்கும்.

கவைவாலிக்குத் தட்டைக் கொட்டி, மேல்மண் காயவிட்டால் போதும். பூசண ஈக்கு பசை தடவிய மஞ்சள் அட்டையை மண்ணை ஒட்டி வையுங்கள். அதில் பறப்பது மட்டுமே சிக்கும். புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து. கொசுப்புழு ஒழிப்புக்கு விற்பதுதான். லேபிளில் சொன்ன அளவில் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டும். முட்டை முதல் ஈ வரை மூன்று நான்கு வாரம் பிடிக்கும். ஒரே தடவையோடு நிறுத்தினால் மிச்ச முட்டையிலிருந்து மறுபடி கிளம்பும். காய்ப்புழுவுக்கு விற்கும், அதே பாக்டீரியாவின் குர்ஸ்டாகி ரகம் இதற்கு ஆகாது. கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுவதையும் அதுவரை நிறுத்துங்கள். மக்காத புண்ணாக்குதான் ஈயை அழைக்கிறது.

கீழக்கரையிலிருந்து:

'மேல்மண்ணைக் காயவிட்டு அடியிலிருந்து தண்ணீர் கொடு' என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வதைச் சேர்க்கலாமா?

தொண்டியிலிருந்து:

அப்படியே சேர்த்தால் நம் கடற்கரையில் செடி கெடும். போர்த்தண்ணீர் உவர்ப்பு. அடியிலிருந்து கொடுத்தால் உப்பு மேலேறி வெள்ளையாகப் படியும். அதையும் பூசணம் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள், இலைநுனியோ உப்பால் கருகும். மேல் 3 செ.மீ. காயட்டும். பிறகு மேலிருந்தே, ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு வடியும்படி நல்ல தண்ணீர் கொடுத்து, அரைமணிக்குள் தட்டைக் கொட்டிவிட வேண்டும். முடிந்தால் அதற்குக் காவிரிக் குழாய்த் தண்ணீர். தேங்காய் நார்த்தூளை மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். மேலே மணல் பரப்புவதானால் கழுவிய ஆற்றுமணல். கடல்மணலில் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் உண்டு.

மண்டபத்திலிருந்து:

சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று பாக்கி: பூசண ஈயோடு குழம்பும் ஷோர் ஃபிளை. குட்டைக் கொம்பு, தடித்த உடம்பு, இறக்கையில் வெளிர்ப்புள்ளிகள். 'கரை ஈ' என்றால் இங்கே கருவாட்டில் மொய்க்கும் ஈயைத்தான் நினைப்பார்கள்.

கீழக்கரையிலிருந்து:

அதன் தீனியை வைத்து 'பாசி ஈ'?

மண்டபத்திலிருந்து:

எங்கள் ஊரில் பாசி என்றால் கடலில் இறங்கி எடுப்பது. 'வழுக்குப்பாசி ஈ' என்று போடுங்கள். தட்டின் அடியில் பச்சையாக வழுக்குவதைத்தான் அது தின்கிறது.