சாளுவன்குப்பம் முதல் கடற்கரைக் கோயில் வரை: மணலில் நடந்தவர்கள் சொல்லுங்கள்

மயிலாப்பூர்க்காரி:

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் அக்கா மகளும் நடந்தோம். எனக்கு வயது 58, வலது முட்டி தேய்மானம். அதைச் சொல்வது ஏன் என்றால், இது அந்த மாதிரி முட்டிக்கும் ஒத்துவரும் நடை. ஏற்றம் என்று பார்த்தால் மணல்மேடு மட்டும்தான். மொத்தம் சுமார் 5 கிலோமீட்டர். நின்று பார்த்து, உட்கார்ந்து, கருவாடு பேரம் பேசி நடந்ததில் மூன்றரை மணி நேரம் ஆனது.

விடியுமுன் திருவான்மியூரில் மாமல்லபுரம் பஸ் பிடித்து, சாளுவன்குப்பம் புலிக்குகையில் இறங்கினோம். வருகிறவர்கள் பெரும்பாலும் யாளித் தலைகளின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் கொஞ்சம் தள்ளி அதிரணசண்டக் குகை இருக்கிறது. ராஜசிம்மப் பல்லவனின் பட்டப்பெயர் அது. சுவரின் ஒரு பக்கம் கிரந்த எழுத்திலும் எதிர்ப்பக்கம் நாகரி எழுத்திலும் ஒரே சுலோகங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். "நம்ம ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரி இருக்கு சித்தி" என்றாள் அவள். பல்லவர் கலை பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகளில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் முருகன் கோயில். 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் ஒரு பாறையும் அதன் கல்வெட்டுகளும் வெளியே தெரிந்தன. கல்வெட்டில் திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயில் பற்றிய குறிப்பு இருந்தது. 2005-ல் தொல்லியல் துறை தோண்டியபோது பல்லவர் காலக் கோயிலும், அதற்கும் அடியில் பெரிய பெரிய செங்கல் வைத்துக் கட்டிய பழைய கோயிலும் கிடைத்தன. சன்னிதி வடக்கு பார்த்தது. முன்னால் ஒரு கல்வேல் நிற்கிறது.

வேலியோரம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "சுனாமிக்கு முன்னாடி இதே மேட்டு மேல ஒக்காந்துதாம்மா கஞ்சி குடிப்பேன். கீழ முருகன் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்" என்றார்.

அதன் பிறகு சவுக்குத் தோப்பு. காடு என்று சொல்ல எனக்குக் கூச்சம்தான், அத்தனையும் மனிதன் வைத்த மரம். ஆனாலும் உள்ளே போனதும் அலைச்சத்தம் அடங்கி, மேலே ஊசியிலைகளின் இரைச்சல் மட்டும் கேட்கும். கீழே உதிர்ந்த சருகு மெத்தை மாதிரி அமுங்கும். தோப்பு முடிகிற இடத்தில் மணல்மேடு, மேடு முழுக்க அடப்பங்கொடி, ஊதாப்பூ. அதற்கும் முன்னால், கடலைப் பார்த்த சரிவில், ராவணன் மீசைப் புல். கணுக்காலில் குத்தினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும், பேன்ட் போட்டுப் போங்கள். காய்ந்த அதன் பந்துகள் காற்றில் குதித்துக் குதித்து உருண்டு ஓடின. என் அக்கா மகள், 24 வயது, ஐ.டி. வேலை, அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

தேவனேரி தாண்டியதும்தான் சிக்கல். ஒரு தங்கும் விடுதியின் சுவர் கிட்டத்தட்ட அலை வரைக்கும் வந்து நிற்கிறது. தண்ணீர் ஏறியிருந்ததால் சுவரோரம் போக முடியவில்லை. காவலாளி வழி விடமாட்டேன் என்றார். திரும்பி நடந்து, சந்து வழியாக ரோட்டுக்கு வந்து, லாரிகளுக்குப் பக்கத்தில் நடந்து, மறுபடி கடலுக்கு இறங்கினோம். கடற்கரை எல்லோருக்கும் பொது என்று அவரிடம் வாதம் செய்தேன். அவரும் பாவம், மாதச் சம்பளக்காரர், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள்.

தாம்பரம் தாத்தா:

நாங்கள் 1978-ல் கல்லூரி முடிக்கும் வருஷம் இதே வழியில் நடந்தோம். அப்போது மேடுகள் இன்னும் உயரம். உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்குவோம், சட்டைப் பைக்குள் எல்லாம் மணல். பாதி மேடு வீட்டுமனை ஆகிவிட்டது. மணலை அந்தக் கொடியும் புல்லும்தான் பிடித்து வைத்திருக்கின்றன, பாதை போடுகிறேன் என்று பிடுங்கினால் மேடு நடக்க ஆரம்பித்துவிடும். 

கடற்கரைக் கோயிலுக்குள் போகிறவர்கள் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். 1990-ல் மணலை அள்ளியபோது ஒரு குட்டிக் கோயிலும் கிணறும் வராகச் சிற்பமும் வெளிப்பட்டன. அதற்கு முன்பு அந்தக் கோயிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அந்த ஆட்டுக்காரர் மாதிரி நானும் அதன் மேலேயே மிதித்துத் திரிந்திருக்கிறேன் போல.

இன்னொன்று. பங்குனி, சித்திரையில் ஒன்பது மணிக்குமேல் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய நடந்தால் 5 கிலோமீட்டர் 10 மாதிரி தெரியும். அலை வந்து திரும்பிய ஈர மணல்தான் நமக்கு ரோடு. அதுவும் ஒரு பக்கம் சரிவாக இருக்கும், வெகுதூரம் நடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது மேட்டுக்கு ஏறி இறங்கிக்கொள்ளுங்கள்.

குப்பத்துப் பையன்:

நான் அந்தப் பக்கத்து மீனவர் ஊர்தான். நடந்து வரவங்கள எங்களுக்குப் பிடிக்கும், கார்ல வந்து பாட்டில் ஒடைக்கிறவங்களத்தான் பிடிக்காது. ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

வலை காயப்போட்டிருந்தா சுத்திப் போங்க. ஒரு இடத்துல அறுந்தா அதைக் கோக்க அப்பாவுக்கு அரை நாள் ஆகும். போன தை மாசம் ஒருத்தர் வலை மேல ஒக்காந்து போட்டோ எடுத்தாரு. எங்க அப்பா திட்டல, "சார், ஷூவைக் கழட்டிட்டு ஒக்காருங்க"ன்னாரு. அவருக்கு அது கிண்டல்னு கூடப் புரியல.

அடுத்தது, குளிக்க எறங்காதீங்க. மேல பாக்கறதுக்கு அமைதியா இருக்கும், கீழ இழுப்பு இருக்கும். கச்சான், அதான் மேக்கத்திக் காத்து, அடிக்கிற நாள்ல கடல் தட்டையா, கண்ணாடி மாதிரி தெரியும், காத்து கரையிலேருந்து கடலுக்குப் போகும். பந்து, மெதவை எது விழுந்தாலும் உள்ளதான் போகும், ஆளும் அப்படித்தான். போன வருஷம் பந்து எடுக்கப் போன ரெண்டு காலேஜ் பசங்கள எங்க ஊர் படகுதான் இழுத்துட்டு வந்துச்சு. கரைக்கு வந்ததும் ஒருத்தன் மொதல்ல போனைத்தான் தேடினான்.

நீலாங்கரை நைட் ஷிப்ட்:

அக்கா நடந்தது பகல். எனக்குப் பழக்கம் ராத்திரி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் ஷ்மிட் நினைவு வளைவு வரை கடலாமை நடை போவோம், ஏறக்குறைய 7 கிலோமீட்டர். 1988 முதல் மாணவர்கள் நடத்துவது. டார்ச் கிடையாது, போன் வெளிச்சம் கிடையாது. அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும், நுரை மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

பத்து நடை போனால் ஒரு தடவை ஆமையைப் பார்க்கலாம். நான் பார்த்தது ஆறாவது நடையில். முதலில் தெரிந்தது தடம்தான், சின்ன டிராக்டர் ஏறிப்போன மாதிரி. தடத்தின் முடிவில் அது. பங்குனி ஆமை என்று சும்மாவா பேர் வைத்தார்கள், அன்றைக்கும் பங்குனிதான். பின்கால் இரண்டையும் கரண்டி மாதிரி மாற்றி மாற்றி விட்டு, ஒரு பிடி மணலாக எடுத்து வெளியே வைத்தது. எங்களில் ஒருவரும் மூச்சு விடவில்லை. முட்டையிட்டு முடித்து, குழியை மூடி, வயிற்றுப்பக்க ஓட்டால் தொம் தொம் என்று அடித்துக் கெட்டிப்படுத்தியது. அந்தச் சத்தம் காலுக்குக் கீழே மணலில் அதிர்ந்தது. பொரிப்பகத்துக்கு மாற்றும்போது எண்ணினோம், 118.

மறு வாரமே இன்னொன்று கரையேறி வந்தது. தூரத்தில் பிறந்தநாள் கொண்டாடிய கும்பல் ஃபிளாஷ் அடித்ததும் முட்டை இடாமலே திரும்பிவிட்டது. 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதையும் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மனசில்லை. சாளுவன்குப்பம் பக்கம் போகிறவர்கள் விடிகாலையில் அந்த டிராக்டர் தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.

மயிலாப்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. தாத்தா சொன்ன குட்டிக் கோயிலைப் பார்த்தேன், படம் எடுக்க மறந்துவிட்டேன்.

தம்பி, வலையைச் சுற்றித்தான் போனோம். தேவனேரியில் ஒரு ஆயா நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். காக்கை விரட்டக் கையில் ஒரு பனை மட்டை. எங்களை மேலும் கீழும் பார்த்து, "ஏன் கண்ணு, பஸ்ஸு ஓடலியா?" என்று கேட்டார். சும்மா நடக்கிறோம் ஆயா என்றேன். நம்பவில்லை. உட்காரச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். அரைக் கிலோ நெத்திலி வாங்கினேன். பேரம் பேசி இறங்கிய விலைக்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பை ஊரைக் கூட்டிவிட்டது. கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டே வருகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டார்: "கிலோ எவ்ளோம்மா சொன்னாங்க?"