ஒரே நாளில் கொற்கையும் காயலும்: வழிகாட்டியோடு போகலாமா?

பாளை வேணி:
அக்கா குடும்பம் லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. அவள் மகள் காலேஜில் வரலாறு படிக்கிறாள். "சித்தி, திருச்செந்தூரும் குற்றாலமும் பார்த்தாச்சு, இந்தத் தடவை பழசா ஏதாவது காட்டுங்க" என்று இப்போதே போனில் நச்சரிப்பு. ஜங்ஷன் பக்கம் ஒரு வேன்காரர் நோட்டீஸ் கொடுத்தார்: "ரோமானியத் துறைமுகம், அரேபியர் நகரம், ஒரே நாளில், வழிகாட்டியுடன்." காலை ஏழுக்குக் கிளம்பி ஆதிச்சநல்லூர், கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், கடைசியாகப் பொட்டல்புதூர் தர்கா. ராத்திரி எட்டுக்கு வீடு.

இது நடக்கிற காரியமா? வழிகாட்டிக்குத் தனிக் காசு கேட்கிறார், கொடுக்கலாமா? பள்ளிவாசல்களைப் பெண்கள் பார்க்க முடியுமா? கூட வரப்போகும் அம்மாவுக்கு முட்டுவலி வேறு. நோட்டீஸைப் படித்துவிட்டு, "கொற்கையா? அங்க வயக்காடுதானே இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஏரல்காரன்:
உங்கள் அம்மா சொன்னது சரி. வயல், வாழை, ஒரு குளம், ஒரு கிழட்டு வன்னி மரம், வெற்றிவேல் அம்மன் கோயில். அவ்வளவுதான். ரோமானியத் துறைமுகம் என்று சொல்லிக் கூட்டி வந்தால் பிள்ளை தூணையும் கல்படியையும் தேடும், ஏமாந்து போகும். ரோமானியர் அங்கே கட்டியது என்று காட்ட ஒன்றும் இல்லை. அது பாண்டியன் துறைமுகம், மேற்கே இருந்து வந்தவர்கள் முத்து வாங்கிப் போனார்கள். முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு ஒன்று கொல்கை என்று பெயர் சொல்லி, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியல் எழுதிய தாலமியும் அதே ஊரைக் குறிக்கிறார். சங்கப் பாட்டில் காதலியின் பல்லுக்கு உவமை கொற்கை முத்து. அந்த முதல் நூற்றாண்டிலேயே ரோமில் பிளினி என்ற எழுத்தாளர், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தார். நம் ஊர்ச் சரக்குக்கும் அதில் பங்கு உண்டு.

பள்ளிப் பிள்ளைகளை நாலைந்து முறை வேனில் கூட்டிப் போனவன் நான். ஒரு தடவை வந்த வழிகாட்டி, அக்கசாலைப் பிள்ளையார் கோயிலைக் காட்டி "இது ரோமானியர் கட்டினது" என்றார்! அக்கசாலை என்றால் பொன் வேலையும் காசு அடிப்பதும் நடக்கிற இடம். ஊர்ப் பெயரிலேயே கதை இருக்கிறது, அதை விட்டுவிட்டு ரோமுக்குப் போகிறார் மனுஷன்.

அதனால் காசு கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "துறைமுகம்னா கடல் எங்க?" தாமிரபரணி வண்டல் கொட்டிக் கொட்டிக் கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது, அதனால்தான் துறைமுகம் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது என்று அவர் சொன்னால் தாராளமாகக் கொடுங்கள். காட்ட ஒன்றும் இல்லாத இடத்துக்குத்தான் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். முழித்தால், வண்டி மட்டும் போதும்.

பொட்டல்புதூரை அடித்துவிடுங்கள். அது கடையம் பக்கம், நேர் எதிர்த்திசை. மாலை வெயிலில் கிழக்கிலிருந்து மேற்கே அம்மாவை அலைக்கழிக்காதீர்கள். ஆதிச்சநல்லூர் முதலில் வரட்டும். ரோமானியருக்கெல்லாம் ரொம்ப முந்தியது. இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைக் கண்ணாடித் தரைக்குக் கீழே அப்படியே வைத்திருக்கிறார்கள், அதிக நடை இல்லை. அப்புறம் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகக் கொற்கை, முக்காணி.

பழையகாயலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். மார்க்கோ போலோ 1290களில் சொன்ன காயல் அதுதான், கால்டுவெல் தோண்டிப் பார்த்தே எழுதியிருக்கிறார். சுற்றிலும் தரையெல்லாம் சீனப் பானை ஓடு கிடந்ததாம்.

காயல் மகள்:
ஏரல் அண்ணனுக்கு ஸலாம். எங்கள் ஊரில் வந்து அந்தக் கடைசி வரியைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். மார்க்கோ போலோ இறங்கியது காயல்பட்டினம் என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், என் வாப்பாவும் சேர்த்து.

எந்தக் காயலாக இருந்தாலும் குதிரைக் கதை ஒன்றுதான். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கும். பாண்டிய மன்னன் வருஷத்துக்கு 2000க்கு மேல் வாங்குவானாம். பராமரிக்கத் தெரியாமல் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் போலோ. அரபுக்காரர்கள் வருஷா வருஷம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

வேணி அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மதியம் ஜும்ஆ கூட்டம். பெரிய குத்பா பள்ளிவாசலில் கல்தூண்களைப் பாருங்கள். நம் கோயில் மண்டபத்துத் தூண் மாதிரியே இருக்கும், ஆனால் உருவம் கிடையாது, பூவும் கொடியும்தான். பெண்கள் எங்கள் ஊரில் தைக்கா என்ற பெண்களுக்கான தொழுமிடங்களில் தொழுகிறோம், ஆண்கள் பள்ளிக்குள் போவதில்லை. அதனால் வாசலில் கேட்டுவிட்டு, விட்ட இடம் வரை பாருங்கள். தலையில் துப்பட்டா இருக்கட்டும்.

உங்கள் அக்கா மகளுக்குப் பள்ளியைவிட முடுக்குகள் பிடிக்கும். வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போகவர விட்ட ஒடுக்கமான சந்து. எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். வரலாறு படிக்கிற பிள்ளை அதைப் பற்றி நாலு கேள்வி கேட்கட்டும். சாயங்காலம் டீயோடு வாடா என்ற எங்கள் ஊர்ப் பலகாரம் கிடைத்தால் விடாதீர்கள். களரிக் கறி கடையில் தேடாதீர்கள், அது கல்யாண வீட்டுச் சமாச்சாரம்.

பாளை வேணி:
போய்விட்டு வந்தோம், சனிக்கிழமை. வழிகாட்டியிடம் அண்ணாச்சி சொன்ன கேள்வியைக் கேட்டேன். "கடல் இந்தா பக்கத்துலதான்" என்று கையைத் தெற்கே நீட்டினார். வண்டியோடு நிறுத்திக்கொண்டோம்.

கொற்கையில் சொல்ல ஆள் இல்லாமல் போகவில்லை. உங்கள் பதிலைப் பிள்ளை வன்னி மரத்தடியில் சத்தமாகப் படித்தாள், டிரைவரும் சேர்ந்து கேட்டார். காயலில் பெரிய பள்ளியை வாசலில் நின்றுதான் பார்த்தோம். முடுக்கில் ஒரு பெரியம்மா உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். வீடு யார் பெயரில் என்று இவள் கேட்க, "என் உம்மா வீடு, அதுக்கு முன்னே அவங்க உம்மா வீடு" என்று நாலு தலைமுறை சொன்னார். பிள்ளை நோட்டில் எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

அம்மா கொற்கையில் வேனைவிட்டு இறங்கவே இல்லை. "நான் அப்பவே சொன்னேன்லா, வயக்காடுதான்." ஆத்தூர் வந்ததும் முதல் ஆளாக இறங்கி ரெண்டு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டாள்.